பெட்டியைக் கீழே போட ஒரு மலைப்பயணம்

ஒரு பொருள் உடையுமா உடையாதா என்று தெரிந்துகொள்ள எங்கள் தொழிற்சாலையில் ஓர் எளிய வழி வைத்திருக்கிறோம். அதைக் கீழே போட்டுப் பார்ப்போம். இடுப்பு உயரத்திலிருந்து பத்துத் தடவை. ஒருமுறை அடிப்பக்கம் படும்படி, ஒருமுறை விளிம்பு படும்படி, ஒருமுறை மூலை இடிக்கும்படி. பத்தாவது தடவைக்குப் பிறகும் உள்ளே இருக்கும் வைஃபை கருவியில் பச்சை விளக்கு எரிந்தால் பெட்டி தேறிவிட்டது என்று அர்த்தம். இதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருக்கிறோம். வீட்டில் என் மகன் இதே வேலையைச் சும்மா செய்தபோது மட்டும் கத்தித் தீர்த்தேன்.

நான் அங்கே கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கருவிகளை வாங்கும் டென்மார்க் நிறுவனம் இந்த ஆண்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. இனிமேல் பெட்டிக்குள் தெர்மாகோல் கூடாது, பிளாஸ்டிக் கூடாது. கருவியைச் சுற்றி மெத்தென்று வைக்கிற பொருள் மண்ணில் மக்க வேண்டும். அது எங்கே விளைகிறது, யார் கையால் ஆகிறது, அதனால் அவர்களுக்கு என்ன பயன் என்பதையெல்லாம் நேரில் வந்து பார்ப்பார்களாம். கூட்டத்தில் இருந்த எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சாமை உமி" என்றேன்.

என் சொந்த ஊர் கணியம்பாடி. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஜவ்வாது மலை தெரியும். தினமும் தெரிந்துகொண்டிருந்ததாலோ என்னவோ ஒருநாளும் ஏறிப் போனதில்லை. எங்கள் பக்கத்தில் முட்டையை உமிக்குள் புதைத்து வேலூருக்கு அனுப்புவார்கள் என்று கூட்டத்தில் சொன்னேன். முட்டைக்குத் தாங்குவது வைஃபைக்குத் தாங்காதா என்றார் மேலாளர். அவர் கேள்வி கேட்டாரா, முடிவு சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுநாள் அந்த வேலை என் தலையில் இருந்தது.

விசாரித்ததில் ஜமுனாமரத்தூரில் சந்தைத் திடலை ஒட்டிச் சாமை அரைக்கும் மில் ஒன்றை நடத்தும் பெண்கள் குழு கிடைத்தது. தலைவியின் பெயர் காசியம்மா. அதுவரை உமியை எங்கே கொட்டுவது என்று திண்டாடிக்கொண்டிருந்தவர்கள், நான் தொலைபேசியில் சொன்னபடி அதைப் புடைத்து, காயவைத்து, பருத்தித் துணியில் அடைத்து, குட்டிக் குட்டித் தலையணைகளாகத் தைத்துக் குவித்துவிட்டார்கள்.

காசியம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். குழுவில் பாதிப் பேர், அவருடைய மருமகள் செல்வியையும் சேர்த்து, கர்நாடகத்துக் காபி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரியின் வேன் சனிக்கிழமை காலையில் வரும். ஏறிவிட்டால் பிள்ளைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். இந்தத் தலையணை வேலை நிலையாக வருமா வராதா என்று வேன் வருவதற்குள் சொல்லிவிட முடியுமா என்றார். முடியும் என்றேன். சொன்ன பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தேன்.

அதாவது, டென்மார்க்கிலிருந்து வருகிற ஆள் வெள்ளிக்கிழமைக்குள் மலையில் வைத்தே ஒரு பெட்டி பத்துத் தடவை கீழே விழுவதைக் கண்ணால் பார்த்து, பச்சை விளக்கையும் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். ஒரு பெட்டியைக் கீழே போடுவது என்ன பெரிய வித்தையா என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் போளூரில் இருந்தோம். வந்தவர் பெயர் ஹென்ரிக். நல்ல உயரம், நல்ல மனிதர், எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர். மலையேற நான் பேசி வைத்திருந்த காரைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். புகையில்லாத பொருளைப் பார்க்கப் புகைவிட்டுக்கொண்டு போனால் அந்தப் புகையும் அந்தப் பொருளின் கணக்கில்தானே சேரும் என்றார். கார்க்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் மொழிபெயர்க்கவில்லை.

பேருந்திலேயே போவது என்று முடிவாகி, ஏறுவதற்கு முன்னால் ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். இந்த இலை எங்கிருந்து வருகிறது, சாப்பிட்டபின் எங்கே போகிறது என்று ஹென்ரிக் பரிமாறுகிறவரிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். மாடு தின்னும் என்றார் அவர், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற முகத்தோடு. ஹென்ரிக் மெய்சிலிர்த்துப்போனார். தங்கள் ஊரில் ஒரு தட்டின் கடைசிக் கதியைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு குழுவே வேலை செய்கிறது என்றார். பிறகு கார சட்னியைத் தொட்டு வாயில் வைத்தார். அதன்பின் என் டம்ளர் தண்ணீரையும் சேர்த்துக் குடித்தார்.

பேருந்தில் ஹென்ரிக்கின் முழங்கால்கள் அவர் தாடைக்கு வந்துவிட்டன. சோதனைக்கான வைஃபை கருவிகளும் காலி அட்டைப்பெட்டிகளும் இருந்த பொதியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அது என்ன என்று நடத்துநர் கேட்டார். வைஃபை என்று சொல்லித் தொலைத்தேன். பின்னால் இருந்து உடனே ஒரு குரல் வந்தது.

"பாஸ்வேர்டு இன்னா சார்?"

இந்தப் பெட்டிக்குள் நெட் கிடையாது, இதற்கு வெளியிலிருந்து ஒரு கம்பி வர வேண்டும், அது வந்தால்தான் இதற்கு உயிர் என்று முதல் கொண்டை ஊசி வளைவு வரை விளக்கினேன். யாரும் நம்பவில்லை. வைத்துக்கொண்டே இல்லை என்கிற ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஹென்ரிக்கின் நாட்டில் மலையே கிடையாது. அவர்கள் மலை என்று சொல்வதை எங்கள் கணியம்பாடியில் மேடு என்று சொல்லிவிட்டு அதன்மேல் கொள்ளு விதைப்போம். ஒவ்வொரு வளைவிலும் அவர் முன்சீட்டுக் கம்பியை முறுக்கிப் பிடித்தார். ஓட்டுநருக்கு இந்தப் பாதை நன்றாகத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். நான் அதைப் பக்கத்தில் பலாப்பழ மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"டிரைவருக்கு நல்லாத் தெரியும் சார். வண்டிக்குத்தான் அப்பப்ப மறந்துடுது," என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, வண்டி நின்றுவிட்டது. முன்பக்கம் ஆவி பறந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் இறங்கினார்கள். ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார், ஒருவர் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். அது எந்தக் கல், எந்த ஓடை என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது போலிருந்தது. வண்டி மறுபடி குலுங்கிக் கிளம்பியபோது அந்த அம்மாவின் பலாப்பழம் ஒன்று மூட்டையிலிருந்து எகிறிப் படிக்கட்டுப் பக்கம் உருண்டது. நான்கு சீட்டுகளிலிருந்து நான்கு கைகள் நீண்டு அதைப் பிடித்து, பேச்சைக்கூட நிறுத்தாமல் அவர் மடிக்கே திருப்பி அனுப்பின. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

நடத்துநர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கத்துவதற்கு என்ன அர்த்தம் என்று ஹென்ரிக் கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது, இனிக் கிளம்பலாம் என்று அர்த்தம் என்றேன். அவர் அதை நாலைந்து தடவை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தார்.

இரவுச் சாப்பாடு ஜமுனாமரத்தூரில் நாங்கள் தங்கிய விடுதிக்கு எதிரே. மந்தாரை இலையில் சாமைச் சோறும் புளிக்குழம்பும். நாளைக்குப் பார்க்கப்போகிற உமிக்குள் இருந்தது இதுதான் என்று சொன்னேன். ஹென்ரிக் சோற்றை வெகுநேரம் பார்த்தார். கருவிக்கு மெத்தையாவதன் உள்ளே இருந்ததைத் தான் சாப்பிடுவதாகவும், ஒரு தெர்மாகோலைப் பற்றி இப்படி யாராவது சொல்ல முடியுமா என்றும் உருகினார். புளிக்குழம்பு அவருக்கு ஒத்துக்கொண்டது என்று தெரிந்தது.

மறுநாள் சந்தை. ஹென்ரிக் புளியையும் தேனையும் படம் எடுத்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் முன்னதாக மில்லுக்குப் போனேன். காசியம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மில் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். வாங்க சார் என்று என்னை உள்ளே கூட்டிப்போய், அடுக்கி வைத்திருந்த தலையணைகளைப் பெருமையோடு காட்டினார். எனக்கு மூச்சு நின்றது.

ஒவ்வொரு தலையணையும் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"வெள்ளக்காரரு வர்றாருன்னு சொன்னீங்களே சார். தூசி பட்டா நல்லாவா இருக்கும்? போளூருக்கே போய் வாங்கினு வந்து போட்டோம்."

அவர்களுக்கு வேறு எப்படி மரியாதை காட்டத் தெரியும்? புடவையோ தட்டோ புதியது என்றால் உறைக்குள் இருந்தாக வேண்டும். கல்யாணத்துக்கு வாங்கிய நாற்காலியின் உறையை இன்னும் பிரிக்காத வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. நான் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். காசியம்மா உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மொத்தக் குழுவும் சேர்ந்து உறைகளை உரித்துத் தள்ளியது. அத்தனை உறைகளையும் எங்கே ஒளிப்பது? எரித்தால் புகை வரும், அது இன்னும் ஆபத்து. என் பையில் திணித்தேன். பை நிறைந்தது. கால்சட்டைப் பைகளில் திணித்தேன். மீதியைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டேன்.

ஹென்ரிக் வந்தபோது நான் சற்றுப் பருத்திருந்தேன். நடந்தால் சரசரவென்று சத்தம் வேறு. காசியம்மா சமாளிக்கத் தெரிந்தவர், அரைக்க ஒன்றும் இல்லாதபோதும் மில்லை ஓடவிட்டார். அந்த இரைச்சலில் நான் உமி, துணி, நூல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனேன். இது மக்குவதற்கு எத்தனை நாளாகும் என்று ஹென்ரிக் கத்திக் கேட்டார். மாடு எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது என்று காசியம்மா கத்திப் பதில் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மின்சாரம் நிற்கும் வரை.

மில் அடங்கியது. அந்த அமைதியில் நான் ஒரு மூச்சு இழுத்துவிட்டேன். சட்டை முழுவதும் சரசரத்தது. உடம்பு ஏதாவது சரியில்லையா என்று ஹென்ரிக் கவலையோடு கேட்டார்.

வேறு வழியில்லை. பொத்தானைக் கழற்றி ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தேன். வைத்துக்கொண்டே இருந்தேன். ஹென்ரிக் கடைசி உறை வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பையைத் திறந்து, மில்லில் மாட்டுவதற்காகத் தலைமை அலுவலகம் கொடுத்தனுப்பியிருந்த பசுமைச் சான்றிதழை வெளியே எடுத்தார். அது கெட்டியாக லாமினேட் செய்யப்பட்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அதை அவர் அப்படியே பைக்குள் திருப்பி வைத்தார். என் உறைகளைத் தான் பார்க்கவில்லை என்றும், இதை நானும் பார்க்கவில்லை என்றும் சொல்லிவிட்டு, சோதனைக்குப் போகலாமா என்று கேட்டார்.

மில்லுக்கு முன்னால் சிமெண்டுக் களம். ஒரு பெட்டிக்குள் கருவியை வைத்து, நான்கு புறமும் உமித் தலையணைகளைச் செருகி மூடினேன். தயாரிப்பவர் தரப்பு ஆள் போட வேண்டும், வாங்குகிறவர் தரப்பு ஆள் பார்க்க வேண்டும் என்பது விதி. சந்தைக்கு வந்த கூட்டம் சுற்றி நின்றது. பெட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டேன்.

பெட்டி விழவில்லை. புளிக்கூடையோடு நின்ற ஒருவர் குனிந்து லாவகமாகப் பிடித்திருந்தார். இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் நீட்டி, "பாத்து சார்," என்றார்.

இது விழ வேண்டும், விழுந்தால்தான் நல்லது என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுபடி தூக்கினேன். அதற்குள் ஆணும் பெண்ணுமாக நான்கு பேர் ஒரு சாக்கின் நான்கு முனைகளைப் பிடித்து என் காலடியில் விரித்து நின்றார்கள். பெட்டி சாக்கில் விழுந்து ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. கூட்டத்துக்கு அப்பாடா என்று இருந்தது.

காசியம்மா எனக்கு விளக்கினார். பலா காய்க்கும் காலத்தில் ஒருவர் மேலேறிப் பழத்தை அறுத்துவிடுவார், கீழே மற்றவர்கள் சாக்கை விரித்துப் பிடிப்பார்கள். தரையில் விழுந்தால் பழம் சிதறிவிடும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் செய்கிற வேலை இது.

"மேலருந்து எதுனா வந்தா, கை தானா போவுது சார். நாங்க இன்னா பண்றது?"

நான் ஆட்களைத் தூர நிற்கச் சொன்னேன். நின்றார்கள். கையை விட்டதும் ஓடிவந்து பிடித்தார்கள். வேறெங்கோ பார்ப்பது போல நின்று திடீரென்று போட்டேன். தேன் விற்க வந்த பெரியவர் ஒருவர் காலை நீட்டித் தடுத்துவிட்டார். களத்தின் ஒரு மூலைக்கு ஓடிப்போய்ப் போட்டேன். எனக்கு முன்னால் சாக்கு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஹென்ரிக் நிதானமாக, விழவில்லை என்று குறித்துக்கொண்டார். உச்சி வெயில் வரும்வரை அந்தப் பெட்டி ஒருமுறைகூடத் தரையைத் தொடவில்லை.

கூட்டத்தில் என்னைப் பற்றி ஒரு கருத்து உருவாகியிருந்தது. பாவம், ஆபீசருக்குக் கையில் பிடி நிற்கவில்லை, ஏதோ நரம்புக் கோளாறு என்று இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. தேன் விற்கும் பெரியவர் ஒரு புட்டியை என் கையில் திணித்து, காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடச் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

மாலையில் ஹென்ரிக் வருத்தத்தோடு சொன்னார். நாளை மதியப் பேருந்தில் அவர் இறங்கியாக வேண்டும். பத்துத் தடவை விழுவதைப் பார்க்காமல் தன்னால் சரி என்று சொல்ல முடியாது. அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மில்லின் மூலையில் செல்வி சனிக்கிழமைக்காகக் கட்டி வைத்திருந்த மூட்டை இருந்தது. எஸ்டேட்டில் குளிரும் என்று மேலே ஒரு கம்பளியைச் செருகியிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். காசியம்மா நான் பார்க்காததைப் பார்த்துவிட்டார். காலையில் ஊருக்கு வெளியே பாறைக்குப் போவோம், அங்கே ஒருத்தரும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. பாறையில் நானும் ஹென்ரிக்கும் மட்டும். கீழே பாதையை மறித்துக் காசியம்மா நின்றார். தூக்கினேன், விட்டேன். தொப்பென்று விழுந்தது. இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. யாரும் பிடிக்கவில்லை, யாரும் பாத்து சார் என்று சொல்லவில்லை. அடிப்பக்கம், விளிம்பு, மூலை என்று ஒன்பது தடவை வரிசையாக விழுந்தது. ஹென்ரிக் ஒன்பது தடவை குறித்துக்கொண்டார். ஒன்றுதான் பாக்கி. வியர்வையைத் துடைக்கப் பெட்டியைப் பாறைமேல் வைத்தேன்.

ஒரு குரங்கு அதை எடுத்துக்கொண்டு போயிற்று.

சாமை வாசனை அதற்குப் பிடித்திருக்க வேண்டும். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த பலாமரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. நான் கத்திய கத்தலில் சுற்றியிருந்த ஒவ்வொரு புதரும் அசைந்தது. பாதி ஊர் அதற்குள்தான் இருந்தது. பாதையை மறித்தால் என்ன, மலையில் வேறு வழியா இல்லை? சாக்கோடு வெளியே ஓடிவந்தார்கள். காசியம்மா அவர்களுக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றார்.

"யாரும் கிட்ட போவாதீங்க. உழுவட்டும் உடுங்க. அது உழுந்தாத்தான் நம்ம பொண்ணுங்க ஊருல இருக்கும்."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். அது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிலர் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டார்கள். செல்வி சாக்கை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே குரங்கு பெட்டியைக் கடித்துப் பார்த்தது, ஆட்டிப் பார்த்தது, காதில் வைத்துக்கூடக் கேட்டது. பிறகு அலுத்துப்போய்க் கையை விட்டது.

ஊரில் ஒருவர்கூட அசையவில்லை. அசைந்தது ஹென்ரிக்தான். கையிலிருந்த குறிப்பேட்டை வீசிவிட்டு, நீளமான கால்களை எடுத்துவைத்து ஓடி, பாய்ந்து, பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் விழுந்தார்.

புதருக்கு மேலே அவருடைய காலணிகள் மட்டும் தெரிந்தன.

"ஏன் சார், இவரே புடிச்சிட்டாரே," என்றார் காசியம்மா.

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். புதருக்குள்ளிருந்து பதில் வந்தது. ஏன் பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை, என் கை தானாகப் போய்விட்டது என்றார். அதைத் தமிழில் சொன்னேன். நேற்று அவர்கள் சொன்ன அதே வார்த்தை. பாறை முழுவதும் சிரிப்பு எழுந்தது. காசியம்மா மட்டும் சிரிக்கவில்லை, இதையும் சேர்த்துப் பத்தா, இல்லை ஒன்பதுதானா என்று கேட்டார்.

ஒன்பதுதான் என்றார் ஹென்ரிக். அவர் அப்படிப்பட்ட ஆள். எழுந்து, மூக்கில் இருந்த கீறலைத் துடைத்துக்கொண்டு, பத்தாவதை நானே போடுகிறேன் என்றார். குழப்பத்தில், போட வேண்டியவன் நான் என்பதையும் விதி சொல்லும் இடுப்பு உயரத்தையும் மறந்து, கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தினார். அந்த மனிதரின் தலைக்கு மேலே என்பது எங்கள் ஊரில் முதல் மாடி. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். காசியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டி பாறையில் மூலையால் இடித்து, உருண்டு, குரங்கு கடித்த பக்கம் மேலே தெரிய நின்றது.

எல்லோரும் மில்லுக்குப் போனோம். மின்சாரம் இல்லை.

நேற்றுப் போனது வந்து மறுபடி போயிருந்தது. மதியப் பேருந்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரித்து எடுத்த கருவியை மேசைமேல் வைத்து, கம்பியைச் செருகி, சுவிட்சையும் போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். செல்வி பலாச்சுளை கொண்டுவந்து வைத்தாள். ஒருவரும் தொடவில்லை. ஹென்ரிக் மட்டும் பதற்றத்தில் மொத்தத்தையும் தின்றார். தொலைவில் பேருந்து ஒலிப்பான் கேட்டது. எனக்கு எல்லாக் கோபமும் மின்சாரத்தின் மேல் வந்தது. அதன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய, அது எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

திடீரென்று தலைக்கு மேல் மின்விசிறி முனகியது. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. காசியம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. முதலில் சிவப்புதான் வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சிவப்பு அணைந்தது. ஒன்றும் இல்லாமல் கிடந்தது. நான் வேண்டாத சாமி இல்லை. பச்சை வந்தது.

முதலில் எழுந்த சத்தம் கைத்தட்டல் இல்லை. எல்லோரும் கைப்பேசியை எடுத்தார்கள்.

"நெட்டு வர்லியே சார்," என்றது பேருந்தில் கேட்ட அதே குரல்.

காசியம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவர் ஹென்ரிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சொல்றாரு சார்?" என்று என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்க்கத் திரும்பினேன். ஹென்ரிக் கையை நீட்டி என்னைத் தடுத்தார். இரண்டு நாளாக முணுமுணுத்துப் பழகியதைக் காசியம்மாவின் முகத்துக்கு நேராக, நடத்துநரின் அதே இழுப்போடு சொன்னார்.

"போலாம், ரைட்."

செல்வி எழுந்துபோய் மூட்டையிலிருந்து கம்பளியை உருவி எடுத்து, உதறி, கொடியில் போட்டாள். பேருந்து எங்களுக்காக நின்றது. அந்தப் பேருந்தை நிறுத்தி வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது, ஊரே நிறுத்தியிருக்கும்.

சனிக்கிழமை மேஸ்திரியின் வேன் வந்ததாம். கணவர்கள் ஏற்கெனவே அங்கே இருப்பதால் இரண்டு பேர் ஏறிப் போனார்களாம். மற்றவர்கள் ஏறவில்லை. கொடுத்த டீயைக்கூட மேஸ்திரி கோபத்தில் குடிக்காமல் போய்விட்டார் என்று காசியம்மா மறுநாள் தொலைபேசியில் சொன்னார். அந்த டீயை வீணாக்காமல் காசியம்மாவே குடித்துவிட்டாராம்.

அடுத்த மாதம் முதல் லோடு தொழிற்சாலைக்கு வந்தது. எந்த உறையும் இல்லை. தலையணைகளுக்கு மேலே, மடித்து வைத்த ஒரு பழைய கோணிச்சாக்கு மட்டும் தனியாக இருந்தது. அதில் பலாப்பால் கறை இருந்தது. இது எதற்கு என்று காசியம்மாவைக் கேட்டேன்.

"அங்க தெனம் கீழ போட்டுப் பாப்பீங்களாமே சார். புடிக்க ஆளு இல்லாதப்போ இத்த விரிச்சிக்குங்க."

சாக்கைச் சோதனை அறையில் மாட்டியிருக்கிறேன். பெட்டிகளைக் கீழே போடும் எங்கள் ஆள் அதைப் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்தவும் கூடாது. ஆனால் அவர் பெட்டியைப் போடும்போது நான் பக்கத்தில் நின்றால் இப்போதெல்லாம் என் கையும் தானாகப் போய்விடுகிறது. மூன்று பெட்டிகளைப் பிடித்துவிட்டேன். அதற்குமேல் அவர் என்னை அந்த அறைக்குள் விடுவதில்லை.